மூன்று சிலிண்டரில் மதுரைக்கு

ஜூன் 3, செவ்வாய்

இன்று மதுரைக்குப் போய்ச் சேரவில்லை.

காலை ஐந்தரைக்கே உத்தமபாளையத்திலிருந்து கிளம்பினோம், நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள், பிறகு ஸ்கேன், பிறகு டாக்டர். தம்பி சுருளிவேலுக்கு என் சிறுநீரகம் பொருந்துமா என்று பார்க்கிற முதல் பரிசோதனை. ரத்த வகை ஒன்றுதான் என்பது ஏற்கெனவே தெரியும்.

தேனி வரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆண்டிபட்டி தாண்டிக் கணவாய் ஏற்றத்தில் உதற ஆரம்பித்தது. குளிர்க்காய்ச்சல்காரனைப் போல ஒரு நடுக்கம். எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஏழு பேர் உட்காருகிற பெட்ரோல் வண்டி, வாங்கி ஆறு வருஷமாகிறது. ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை.

"இதோட ஏத்துனா இன்ஜின் போயிரும்" என்று ஓரம் கட்டினார்.

"நான் பஸ்ல போயிரவா?"

"நீ போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க நேரம் முடிஞ்சிரும் சுதா. போனப் போட்டு வேற தேதி கேளு."

தோட்டத்து மோட்டாரை நட்டு நட்டாகக் கழற்றி மாட்டுகிறவர், இன்று பானெட்டைத் திறக்கவில்லை. சூடாக இருக்கும் என்றார்.

ஆண்டிபட்டிக்கு உருட்டிக்கொண்டு வந்து ஒரு கடையில் உட்கார்ந்தோம். நான்கு இட்லி, ஒரு வடை, அப்புறம் ஒரு பூரி செட் சாப்பிட்டேன். அவர் காபியோடு நிறுத்திக்கொண்டார். இரவிலிருந்து வெறும் வயிறு, அதனால்தான் எனக்கு அப்படிப் பசித்தது.

சுருளிக்குப் போன் செய்தேன். "விடுக்கா, வண்டிதானே" என்றான்.

அவர் சட்டையின் வலது கை மடிப்பில் கருப்பு கிரீஸ் மசி. சோப்பில் ஊறவைத்திருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

வண்டியை நான்தான் பட்டறைக்கு எடுத்துப் போனேன். திராட்சைக்கு மருந்தடிக்க ஆள் வந்திருப்பதாக அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மெக்கானிக் ஷேக் மைதீன் பாய் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகினார். அவர் கையிலிருந்த ஸ்கேனரில் எழுத்துகள் ஓடின. "ரெண்டாவது சிலிண்டர் வெடிக்கலம்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை என்றதும் நிறுத்திச் சொன்னார். இன்ஜினில் நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் பெட்ரோலைப் பற்றவைக்க ஒரு பிளக். அந்தப் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்க மேலே ஒரு காயில். நான்கில் ஒன்று பற்றாவிட்டால் மற்ற மூன்றும் அதையும் சேர்த்துச் சுமக்கும். "சமதரைல சமாளிச்சிரும். ஏத்தத்துல குட்டு வெளிப்பட்டுரும்."

இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி ஓட்டிப் பார்த்தார். காயில் கெட்டிருந்தால் பழுது அதோடு சேர்ந்து மூன்றாவதுக்குப் போக வேண்டுமாம். போகவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடியது. "கழட்டி மாட்டுனதுலயே சரியாப் போச்சு, அதிசயம்தான்" என்று தலையைச் சொறிந்தார். பிளக் நான்கும் பழசு என்பதால் புதுசு போட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

மதுரையில் புதுத் தேதி 17. பள்ளிக்கு வந்த முட்டையில் ஒரு அட்டையே உடைந்திருந்தது, அதற்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். சத்துணவு அமைப்பாளர் வேலையில் சமைப்பதைவிட எழுதுவதுதான் அதிகம்.

தேனியில் டயாலிசிஸ் நடக்கும்போது சுருளிக்குப் பாதியில் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம். காலைத் தூக்கி வைத்து, மருந்து ஏற்றி, அரைமணி நேரம் கழித்துத்தான் கண் திறந்தான். திறந்ததும் என்னிடம் கேட்டது, "மச்சான் வந்திருக்காரா?" வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

குமுளியில் ஒரு கல்யாணம். மகள் நிறைமதியும் வந்தாள். மலையில் அத்தனை வளைவும் ஏறி இறங்கினோம். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. பாய் போட்ட பிளக் நல்ல பிளக்தான்.

ஜூன் 17, செவ்வாய்

மறுபடியும். இந்த முறை வீரபாண்டி தாண்டுவதற்குள்ளேயே.

அதே நடுக்கம், அதே மஞ்சள் விளக்கு. "பட்டறைக்காரன் என்னத்தப் பாத்தான்?" என்று அவர் ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தார். நான் தேனியில் இறங்கி பஸ் ஏறுகிறேன் என்றேன். தனியாக வேண்டாம், ரத்தம் எடுத்தால் தலை சுற்றும், போன வருஷம் ரத்ததான முகாமில் மயங்கி விழவில்லையா என்றார். விழுந்தது உண்மைதான். நானும் அதற்கு மேல் பேசவில்லை.

திரும்பி வரும் வழியில் தூங்கிப்போனேன். மூன்று இரவுகளாக வராத தூக்கம் அந்த ஆட்டத்திலும் வந்தது.

சாயங்காலம் மதி கேட்டாள். "காலைல அப்பா பானெட்டத் தொறந்து தண்ணி ஊத்துனாருல்ல, அப்பவே பாத்திருக்கலாம்லம்மா?"

"எப்ப ஊத்துனாரு?"

"நீ குளிச்சிக்கிட்டு இருந்தப்ப."

மாவு அரைக்க வேண்டும். அரிசி ஊறப்போட்டேன்.

ஜூன் 19, வியாழன்

பாய் இன்று ஒன்றரை மணி நேரம் அந்த வண்டியோடு இருந்தார். நான் பட்டறை வாசலில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்கேனர் இப்போது நான்காவது சிலிண்டர் என்றது. போன முறை இரண்டாவது. பாய்க்கு அது பிடிக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் ஒரு மீட்டரை வைத்து அழுத்தம் பார்த்தார். நான்கும் சமம். பெட்ரோல் போகிற பாதையைப் பார்த்தார். சுத்தம். கடைசியில் ஒரு சின்ன டார்ச்சை வைத்துக்கொண்டு காயில்களின் மேல் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"இங்க வாங்கம்மா."

போனேன். ஒவ்வொரு காயிலின் தலையிலும் வயர் வந்து செருகுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பூட்டு. செருகினால் 'டக்' என்று விழும், விழுந்தால் தானாகக் கழலாது. நான்காவதில் அந்தப் பூட்டு தூக்கியிருந்தது. வயர் முக்கால்வாசி வெளியே வந்து, தொட்டும் தொடாமலும் நின்றது.

"இப்பிடி இருந்தா கொஞ்ச தூரம் ஓடும். ஆட்டத்துல ஆட்டத்துல தொடுப்பு விட்டுப்போயிரும். அன்னைக்கு ரெண்டாவதும் இதுதான். நான் கழட்டி மாட்டுறப்ப என்னைய அறியாமலே சரியா மாட்டிட்டேன்." இரண்டாவது பூட்டின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கீறலைக் காட்டினார். "இது இன்ஜின் நோய் இல்லம்மா."

நான் உடனே, "எலியா இருக்கும் பாய்" என்றேன்.

"எலின்னா வயர்ல பல்லுத் தடம் இருக்கும்."

"எங்க வீட்ல எலி ஜாஸ்தி."

பாய் என்னைப் பார்த்தார். டார்ச்சை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். "அப்ப எலியத்தான் பிடிக்கணும்" என்றார்.

ஜூன் 20, வெள்ளி

எலிப்பொறி ஒன்று வாங்கி வண்டிக்குக் கீழே வைத்தேன். தேங்காய்ச் சில் ஒன்றும் சுட்டு வைத்தேன்.

அவர் பார்த்தார். தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போய் வந்துவிட்டேன். அவருக்குத் தேனி தாண்டியபின் போனில் சொன்னேன். "சாப்பிட்டியா?" என்றார். வெறும் வயிற்றில்தான் போக வேண்டும் என்றேன்.

பதினோரு குழாய் ரத்தம் எடுத்தார்கள். மயங்கவில்லை. ஸ்கேன் அறையில் மட்டும் சேலையை இறுக்கிப் போர்த்திக்கொண்டேன். குளிர் அதிகம் அங்கே. டாக்டர் என் வயிற்றின் இடது பக்கம் விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டி, இவ்வளவுதான் வெட்டுவோம் என்றார். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள் நாற்பது நிமிஷம் எழுந்திருக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமிருந்தது.

முடிவு வர ஒரு வாரமாகும். எல்லாம் சரியாக இருந்தால் கடைசியில் உறுப்பு தானத்துக்கு அனுமதி தருகிற ஒரு குழு முன் உட்கார வேண்டும். "ஒங்க வீட்டுக்காரர் நேர்ல வந்து சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போடணும். அவர் இல்லாம நடக்காது" என்றார் அங்கே பொறுப்பிலிருக்கிற அம்மா.

ஜூன் 25, புதன்

கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். "வர்றேன்" என்றார். சோற்றில் கையை வைத்தபடி ரொம்ப நேரம் இருந்தார்.

ஜூலை 2, புதன்

பொருந்திவிட்டது.

சுருளிக்குக் கழுத்தில் போட்டிருந்த டயாலிசிஸ் குழாயில் கிருமி சேர்ந்து மூன்று நாளாகக் காய்ச்சல். ஊசி போட்டு இறக்கியிருக்கிறார்கள். இனிக் குழாய் போட அந்தப் பக்கம் இடமில்லை, தள்ளிப் போடாதீர்கள் என்று தேனி டாக்டர் சொன்னார். முப்பத்து நான்கு வயது. வயர்மேன் வேலைக்குக் கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தவன், இப்போது வீட்டு வாசல்படியில் ஏற என் தோளைப் பிடிக்கிறான்.

குழு கூடுவது 8ஆம் தேதி, பத்து மணி. சுருளி முந்தின நாளே நண்பனோடு பஸ்ஸில் போய்விடுவான். நாங்கள் வண்டியில்.

நானே வண்டியில் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூலை 8, செவ்வாய்

மதுரையில், ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

விடியற்காலை, நாங்கள் வண்டியில் ஏறியபின் சுருளியிடமிருந்து போன். நேற்று சாயங்காலம் மறுபடி காய்ச்சல் வந்ததால் பஸ் ஏறவில்லையாம். சின்னமனூரில் ரோட்டோரம் நிற்கிறேன், ஏற்றிக்கொள் என்றான். சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அவன் போயிட்டான்னுல்ல சொன்ன?"

"போகல. நிக்கிறான்."

சுருளியைப் பின்னால் படுக்கவைத்தோம். தேனியில் பெட்ரோல் பங்க் வந்ததும் அவர் வேகத்தைக் குறைத்தார். பெட்ரோல் போட வேண்டும் என்றார். முள் முக்கால் டேங்குக்கு மேலே நின்றது. "வேணாம், நேரமாச்சு, ஓட்டுங்க" என்றேன். ஆண்டிபட்டிக்கு முன்னால், "இன்ஜின் சத்தம் ஒரு மாதிரி இருக்கு, நிப்பாட்டிப் பாத்துரவா?" என்றார். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. "ஓட்டுங்க" என்றேன். அவர் நெற்றியில் வியர்வை. நான் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணவாய் ஏற்றத்தின் இரண்டாவது வளைவில் உதறத் தொடங்கியது. மஞ்சள் விளக்கு. ஒதுங்க ஓரமில்லை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் தடுப்புச் சுவர். பின்னால் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று எங்களை ஒட்டி வந்துகொண்டிருந்தது. வண்டி மூச்சு வாங்கி, தடுமாறி, வளைவின் நடுவே நின்றேபோனது. பின்னோக்கி ஒரு அடி உருண்டது. லாரியின் ஹாரன் காதைக் கிழித்தது. பிரேக் தேய்கிற நாற்றம் எனக்கே வந்தது. லாரியின் முகப்பு எங்கள் பின்கண்ணாடியை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. சுருளி வாந்தி எடுத்தான்.

அவர் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி ஓடினார். பானெட்டைத் தூக்கினார். மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த இடுக்கில் அவர் கை மட்டும் எனக்குத் தெரிந்தது. அந்தக் கை எதையும் தேடவில்லை. நேராக மூன்றாவது காயிலுக்குப் போனது, அழுத்தியது. 'டக்'. பானெட் விழுந்தது. உள்ளே வந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரு குறையும் இல்லாமல் சீராக ஓடியது. எல்லாமே அரை நிமிஷம்தான்.

லாரிக்காரர் இறங்கி வந்து கத்தினார். "செத்திருப்பீங்கய்யா, மூணு பேரும்!" இவர் கும்பிட்டார்.

கணவாய் இறங்கினோம். வயர்மேனுக்கு ஒரு வயர் மாட்டுகிற சத்தம் தெரியாதா? உசிலம்பட்டி வந்தபோது பின்னாலிருந்து சுருளி சொன்னான்.

"மச்சான், நான் ஒங்க எடத்துல இருந்தா இந்த வண்டியவே கொளுத்திருப்பேன்."

அவர் வண்டியை ஒரு டீக்கடை முன் நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பதினேழு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

இறங்கி நின்று பேசினோம்.

"வேணாம்னு வாயால சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"எப்பிடிச் சொல்றது? வேணாம்னா மாப்ளையக் கொன்னவன். சரின்னா ஒன்னைய மேசைல படுக்க வச்சவன்." கொஞ்சம் பொறுத்து, "எங்கக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்கல்ல, அப்ப எனக்கு இருபத்திரெண்டு வயசு. அத்தான் வெளியூர்ல இருந்தாரு. நாந்தான் கையெழுத்துப் போட்டேன். சின்ன ஆபரேசன்னுதான் சொன்னாங்க. உள்ள போறப்ப, காப்பி வாங்கி வையிடான்னுட்டுப் போச்சு. திரும்பி வரல."

அக்கா ஆபரேஷனில் இறந்தது எனக்குத் தெரியும். கையெழுத்து யாருடையது என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

"அதுக்காக அந்தக் கணவாயிலயா? நாங்க உள்ள இருக்கோம்."

"மாப்ள வருவான்னு தெரியாது. தேனிக்குள்ளயே விட்டுப்போயிரும்னு நெனச்சேன். ஏத்தம் வரைக்கும் தாங்கும்னு நெனக்கல."

நான் சொல்ல வேண்டியதை அப்போதுதான் சொன்னேன். இந்த நோட்டில்கூட எழுதாததை.

"வண்டி நின்னப்பல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சுங்க. அன்னைக்கு ஆண்டிபட்டில அந்தத் தின்னு தின்னேனே, சந்தோசத்துல தின்னது. பாய் சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எலிப்பொறி வாங்குனேன். கேட்டா நீங்க வயரக் கழட்டுறத நிப்பாட்டிருவீங்க. நிப்பாட்டிட்டா நான் போயாகணும்ல? எனக்கும் சாகப் பயம்தான்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப வேணாம்னு சொல்லு. நான் சொல்றேன் டாக்டர்ட்ட. பழி என் மேல இருக்கட்டும்."

வண்டிக்குள் பார்த்தேன். சுருளி தன் வாந்தியைத் தானே துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. எந்த முடிவானாலும் அதைத் தன் முகத்தைப் பார்த்து நாங்கள் எடுக்கக் கூடாது என்று திரும்பாமல் இருந்தான்.

"பயத்தோடயே குடுக்குறேன்" என்றேன். "நீங்களும் பயத்தோடயே போடுங்க."

குழு முன் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். யாராவது வற்புறுத்தினார்களா என்று என்னைக் கேட்டார்கள். இல்லை. அவர் உள்ளே பதினைந்து நிமிஷம் இருந்தார். வெளியே வந்ததும் என்ன கேட்டார்கள் என்றேன்.

"மனசாரச் சம்மதமான்னு கேட்டாங்க. மனசு நடுங்குது, ஆனா சம்மதம்னேன். அதையும் எழுதிக்கிட்டாங்க."

ஜூலை 9, புதன்

பாயிடம் போனில், எலி பிடிபட்டுவிட்டது என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நாளை காலை ஏழரைக்கு. மதிக்கு ஒரு வாரத்துக்கான சீருடை எடுத்து வைத்தாகிவிட்டது. வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. இருமினால் உயிர் போகிறது.

திங்கட்கிழமை கண் திறந்தபோது சாயங்கால வெயில் திரைச்சீலையில் விழுந்திருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை. அவர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். போட்டுவந்த சட்டையின் பொத்தான் மாறிப் போயிருந்தது.

"சுதா, வந்துருச்சு!"

யார் என்று கண்ணாலேயே கேட்டேன்.

"ஒண்ணுக்கு! மாப்ளைக்கு ஒண்ணுக்கு வந்துருச்சு! பை நெறைய! நர்ஸம்மா தூக்கிக் காட்டுனாங்க, நான் கண்ணால பாத்தேன்!"

வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். எதிர்க் கட்டில் அம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தையல் இழுத்து வலி உச்சந்தலைக்கு ஏறியது. அழுதேன், எதற்கென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இன்று காலை சுருளி தன் அறையிலிருந்து போனில் பேசினான். குரலில் பழைய கனம் திரும்பியிருக்கிறது. பாதி பேச்சில் அவனே அழுது, நர்ஸ் போனை வாங்கிவிட்டார்.

மத்தியானம் அவர் எனக்குக் கஞ்சி ஊட்டினார். நான்கு கரண்டி போனபின் திடீரென்று எனக்கு அந்த லாரியின் முகப்பு கண்ணில் வந்து நின்றது. வாயைத் திறக்காமல் இருந்தேன்.

"என்ன, சூடா இருக்கா?"

"கணவாய்ல செஞ்சதுக்கு ஒங்ககிட்ட நான் இன்னும் சண்டை போடல."

கரண்டி அப்படியே நின்றது. "ம்" என்றார்.

"இப்பப் போட்டா தையல் பிரிஞ்சிரும். வீட்டுக்குப் போயிப் போடுறேன்."

"போடு. ஒரு வாரம் வேணும்னாலும் போடு."

"ஒரு வாரம் பத்தாது."

"சரி" என்றார். கஞ்சியை ஊதி ஆற்றி, அடுத்த கரண்டியை நீட்டினார். வாயைத் திறந்தேன்.